பாட்டுப் பெட்டிக்கு ஒரு சிவப்புப் பட்டன்

வீட்டுக்குள் வருகிற எந்தச் சாமானுக்கும் அதை நிறுத்த ஒரு பட்டன் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி, அமுக்கினால் 'டக்' என்று கேட்கிற மாதிரி ஒரு பட்டன். இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. மிக்சிக்கு இருக்கிறது, கிரைண்டருக்கு இருக்கிறது, பனியன் கம்பெனியில் நான் உட்காருகிற ஓவர்லாக் மிஷினுக்கு இருக்கிறது. பாட்டுப் பாடுகிற ஒரு டப்பாவுக்கு மட்டும் என்ன தனி மரியாதை என்று என் மகளிடம் கேட்டேன். "அதெல்லாம் பழைய டிசைனுங்கம்மா" என்றாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை. ஆனாலும் அந்த வழக்கில் நான்தான் ஜெயித்தேன். நான் நினைத்த காரணத்துக்காக ஜெயிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு மங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தறிக் குடோன். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் தறி தட்டிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு விருந்தாக வருகிற ஒறம்பரைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கோ அந்தச் சத்தம் நின்றால்தான் என்னவோ ஏதோ என்று இருக்கும்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனியில், ஒரே வரிசையில் தைத்தவர்கள். எனக்கு முன்னால் அவர் மிஷின். கல்யாணத்துக்கு முன்னால் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு தைத்தேன். கல்யாணத்துக்குப் பின்னாலும் அதே முதுகுதான். எங்கள் கம்பெனியில் நாள் முழுக்க பாட்டு ஓடும். மிஷின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று மூலைக்கொரு ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பாட்டு பிடிக்கவில்லையென்றால் எல்லோரும் முணுமுணுப்பதோடு சரி. இவர் மட்டும் எழுந்து ஆபீஸ் ரூமுக்குப் போய் மாற்றிவிட்டு வருவார். சோகப் பாட்டு போட்டால் கை ஓடாது என்பது அவர் கட்சி. கடைசியில் மேனேஜரே சலித்துப்போய், "நீயே பாத்துக்கப்பா" என்று பாட்டுப் பொறுப்பை அவரிடம் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு மந்திரி பதவி கிடைத்த மாதிரிதான்.

போன வருசம் அவருக்கு வாதம் வந்தது. அன்று அவர் லீவு போட்டிருந்தார், நான் வேலைக்குப் போய்விட்டேன். பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தவரை, வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்காதான் பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால் கொஞ்சம் தேறிவிட்டது, வாக்கரைப் பிடித்து நடப்பார். வலது கை வரவில்லை. பேச்சு போயே போய்விட்டது. புத்தி முன்னைப்போலவே இருக்கிறது, பிடிவாதம் முன்னைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் 'ஏ' என்று ஒரு சத்தமும் 'ம்' என்று ஒரு சத்தமும்தான் வரும். ஒரு கம்பெனியையே பாட்டு மாற்றச் சொல்லி ஆட்டி வைத்த மனுசனுக்கு மிச்சம் அவ்வளவுதான்.

அந்த நாளை என் மகளால் மறக்கவே முடியவில்லை. அப்பா தனியாகக் கிடந்தாரே, தனியாகக் கிடந்தாரே என்று அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். என்னை வேலையை விடச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். எனக்கும் தைக்காவிட்டால் பைத்தியம் பிடிக்கும், அவருக்கும் நாள் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும். மத்தியானம் எதிர்வீட்டு அக்கா வந்து சோறு எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

பொங்கலுக்கு வந்தபோது மகள் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். சாம்பல் நிறத் துணி சுற்றிய உருண்டை. பெரிய சாத்துக்குடி அளவு இருக்கும். இன்டர்நெட்டிலிருந்து பாட்டு எடுத்துப் பாடும், வாயால் சொன்னால் போதும் என்றாள். பெட்டியை இங்கிலீஷில் கூப்பிட்டு ஒரு பழைய பாட்டுப் பேரைச் சொன்னாள். உடனே பாடியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாங்கள் கம்பெனியில் சேர்ந்த காலத்துப் பாட்டு அது. இடது கையால் தொடையில் தாளம் போட்டார். எனக்கே கண் கலங்கிவிட்டது. மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. அது ஒரு சோகப் பாட்டு. அவருக்கு ஆகாது. பெட்டியைப் பார்த்து "ஏ" என்றார். பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் உரக்க "ஏ" என்றார். பெட்டி பாட்டைத் தணித்து, மன்னிக்க வேண்டும், எனக்குப் புரியவில்லை என்று ரொம்ப மரியாதையாக இங்கிலீஷில் சொல்லிவிட்டு, மறுபடி அதே சோகப் பாட்டைப் பாடியது. அவர் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன்.

"ஏங்கண்ணு, இத எங்க நிறுத்தறது?"

"தலையில தடவுனா நிக்குமுங்கம்மா."

அவர் எட்டித் தடவினார். சத்தம் கூடிவிட்டது. இன்னொரு தடவை தடவினார். இன்னும் கூடியது. தலை முழுக்க வழவழவென்று ஒரே மாதிரி இருந்தது. எங்கே தொட்டால் நிற்கும், எங்கே தொட்டால் கத்தும் என்று விரலுக்கு எப்படித் தெரியும். பின்னால் வயர் சொருகியிருந்த சுவர் சுவிட்ச் பீரோவுக்குப் பக்கத்தில், தரைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அவரால் அங்கே குனிய முடியாது. குனிய முடிகிற என்னையும் நம்பாமல், அந்தச் சுவிட்சின் மேல் மகள் செல்லோடேப் ஒட்டிவிட்டாள். வெளியே கிளம்பினால் வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிற குடும்பம் எங்களுடையது என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க கவலப்படாதீங்கம்மா. என்ர போன்லயே எல்லாம் இருக்குது. நான் அங்கிருந்தே போட்டு உடறன், அங்கிருந்தே நிறுத்தறன்" என்றாள். அது மட்டுமில்லை, அவள் பெங்களூரிலிருந்து பேசினால் பெட்டி வழியாக இங்கே கேட்குமாம். இங்கே இருக்கிற சத்தமும் அவளுக்குக் கேட்குமாம். அதனால் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டுமாம். அவள் பயம் அவளுக்கு.

அவள் ஊருக்குப் போனபிறகு எங்கள் வீட்டு ஆட்சி பெங்களூரிலிருந்து நடந்தது. காலையில் அவள் பாட்டுப் போட்டுவிடுவாள். நடுநடுவே பெட்டி அவள் குரலில், "அப்பா, மாத்திர சாப்புட்டீங்களா?" என்று கேட்கும். அவர் 'ம்' என்பார். அது அவளுக்குச் சரியாகக் கேட்காது. "அப்பா? அப்பா?" என்று மறுபடி கேட்கும். சொந்த வீட்டில், சொந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சாத்துக்குடிக்குப் பதில் சொல்ல முடியாமல் அவர் திணறினார். கம்பெனியில் இவர் சொன்ன பாட்டை ஊரே கேட்டது. இப்போது யாரோ போடுகிற பாட்டை இவர் நாள் முழுக்கக் கேட்டாக வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தால் பெட்டியைக் காணோம், பாட்டு மட்டும் எங்கிருந்தோ அமுங்கிக் கேட்கிறது. பார்த்தால், பெட்டியின் மேல் துண்டைப் போட்டு, அதன் மேல் போர்வையைச் சுருட்டி வைத்து, அதற்கும் மேல் தலையணையை அழுத்தி வைத்திருக்கிறார். உள்ளேயிருந்து ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஏதோ மீட்டிங்கில் மாட்டிக்கொண்டாள், பாட்டு மத்தியானத்திலிருந்து அதையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. ஒரு கையால் அந்தப் போர்வையை எப்படிச் சுருட்டினார் என்று தெரியவில்லை. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்த்துப்போய், தோற்றுப்போன முகமாக இருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு, செல்லோடேப்பைக் கிழித்தெறிந்து வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் செருப்பையே கழற்றினேன்.

பெட்டி அணைந்ததைப் போனில் பார்த்து மகள் உடனே கூப்பிட்டாள்.

"அம்மா, எதுக்குங்க பொட்டி ஆஃப் ஆச்சு? அப்பா நல்லா இருக்காருங்களா?"

"நல்லா இருக்காரு. இப்பத்தான் நல்லா இருக்காரு" என்றேன். "உன்ர பொட்டிக்கு ஒரு பட்டன் இல்லாத கொடுமைக்கு அந்த மனுசன் தலகாணிய வெச்சு அமுத்தீட்டு உக்காந்திருக்காரு."

"பட்டன் வெச்சா ஆஃப் பண்ணீருவாருங்கம்மா. ஆஃப்ல இருக்கறப்ப மறுபடி உழுந்துட்டா? யாருக்குங்க தெரியும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லை என்பதற்காக விட்டுக்கொடுக்கிற ஆளும் நான் இல்லை. "வேண்டாங்கறத நிறுத்தறதுக்காச்சும் ஒரு மனுசனுக்கு வழி வேணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் கம்பெனியில் மிஷின் மெக்கானிக்கைப் பிடித்தேன். தென்காசிப் பக்கத்துக்காரர். எங்கள் தையல் மிஷின்களுக்கு டேபிளுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பா. அதில் பச்சையாக ஒன்று, சிவப்பாக ஒன்று என்று இரண்டு பட்டன். பச்சையை அமுக்கினால் சிவப்பு வெளியே வரும், மிஷின் ஓடும். சிவப்பை அமுக்கினால் பச்சை வெளியே வரும், மிஷின் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கூட அமுக்கலாம். அப்படி ஒன்று வேண்டும் என்றேன்.

"எதுக்குக்கா? வீட்ல மிஷின் போட்டுருக்கியளா?"

"ஒரு பாட்டுப் பொட்டிக்கு வேணுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விசயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கழற்றிப் போட்ட மிஷின் ஒன்றிலிருந்து எடுத்த சுவிட்சைத் துடைத்து, ஒரு எக்ஸ்டென்ஷன் வயரின் நடுவில் கோத்துக் கொடுத்தார். "அண்ணாச்சி கை பட்ட மிஷின் சுவிட்சுதான்க்கா இது. நல்லா அமுக்கச் சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

அதை நாற்காலிக்கு இடதுபக்கம் இருந்த ஸ்டூலின் கீழ், கை தொங்கினால் படுகிற இடத்தில், ரெண்டு ஸ்குரு போட்டு மாட்டினேன். சரியாக எங்கள் மிஷினில் இருக்கிற உயரம். அவர் இடது கையைப் பிடித்து அங்கே கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான். பார்க்காமலே அவர் விரல் பட்டன்களைக் கண்டுபிடித்தது. டக். பெட்டி வாயை மூடிக்கொண்டது. டக். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'டிங்' என்று மணியடித்து, விட்ட இடத்திலிருந்து பாடியது. டக். மறுபடி நின்றது. வாதம் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ரொம்ப நேரம் பச்சையும் சிவப்புமாக மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தார். போதும் விடுங்க மாமா, பொட்டிக்குத் தலை சுத்தும் என்று நான்தான் நிறுத்தினேன்.

மகளுக்கு இது தெரிந்ததும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் அப்பா சந்தோசமாக இருக்கிறார் என்றதும் சரி என்று விட்டுவிட்டாள். வம்பு வந்தது கரண்ட் நிறுத்திய அன்றைக்கு.

எங்கள் பக்கம் மாசத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்துவார்கள். அன்றும் நிறுத்தினார்கள். மத்தியானத்துக்கு மேல் கரண்ட் திரும்ப வந்தது. இன்டர்நெட் வந்தது. பெட்டி மட்டும் வரவில்லை. பெங்களூரில் மகள் போனைப் பார்த்திருக்கிறாள். பெட்டி ஆஃப். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பதில் இல்லை. கம்பெனிக்குள் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், அதனால் நானும் எடுக்கவில்லை. கடைசியில் அவள் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, அப்பாவைப் போய்ப் பாருங்க என்று அழுதிருக்கிறாள். அக்கா அலறிக்கொண்டு ஓட, அப்போதுதான் தறியைப் போடலாமா என்று குடோன் வாசலில் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும், இந்தி பேசுகிற பையன்கள் உட்பட, பின்னாலேயே எங்கள் வீட்டுக்குள் ஓடியிருக்கிறார்கள்.

உள்ளே இவர் இடது கையால் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாராம். இத்தனை பேர் மூச்சு வாங்க வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, கடலைத் தட்டை அவர்கள் பக்கம் நீட்டினாராம். அக்கா இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

மகள் சிரிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயிலேறி வந்து இறங்கினாள். பையை வைக்கும்போதே ஸ்டூலுக்குக் கீழே பார்த்தாள்.

"இதக் கழட்டிருங்கம்மா. கரண்ட் இல்லாதப்ப கூட ஆஃப் பண்ணி வெச்சிருக்காரு. எதுக்குங்க? பாடாத பொட்டிய எதுக்கு ஆஃப் பண்ணோணும்?"

எனக்கு அது கேட்ட மாத்திரத்திலேயே புரிந்துவிட்டது. மிஷினில் உட்கார்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அடுத்த நொடி கை தானாக டேபிளுக்கு அடியில் போய்ச் சிவப்பை அமுக்க வேண்டும். அமுக்காமல் விட்டுவிட்டால், கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் திரும்ப வரும். கால் பெடலில் இருக்கும், விரல் ஊசிக்கு அடியில் இருக்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தைக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைத்தான் சொல்லித் தருவோம். கரண்ட் போனதும் எங்கள் வரிசை முழுக்க டக் டக் டக் என்று ஒரு சத்தம் ஓடும். அன்றும் ஃபேன் நின்றிருக்கும், அவர் கை கீழே போயிருக்கும். அத்தனை வருசப் பழக்கம் கையை விட்டுப் போகுமா. மகளிடம் இதைச் சொன்னேன். அவள் பிறந்ததிலிருந்து எங்களைப் பார்க்கிறாள், ஆனால் மிஷினில் உட்கார்ந்ததில்லை. உட்கார நாங்கள் விட்டதில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்.

கேட்டுவிட்டு அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். ஆனால் உடனே போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"அது செரிங்கம்மா. இதுக்கு என்ன சொல்றீங்க? தெனமும் சாயங்காலம் ஆறு மணி வாக்குல பொட்டி ஆஃப் ஆகுது. சித்த நேரம் கழிச்சுத் திரும்ப ஆன் ஆகுது. அப்பெல்லாம் கரண்ட் போறதில்லீங்களே?"

"ஆறு மணிக்கா? நான் அப்பத்தான வர்றன்? நான் உள்ள வர்றப்ப பாட்டு ஓடீட்டுத்தான் இருக்குது. உன்ர போன் பொய் சொல்லுது."

"போன் எதுக்குங்க பொய் சொல்லோணும்?"

"அப்ப அவருக்கு அந்நேரம் பாட்டு வேண்டாமாட்ட இருக்குது. அவர் ஊடு, அவர் காது. நிறுத்தோணும்னு தோணுனா நிறுத்தறாரு. அதுக்குத்தான பட்டன் வெச்சது?"

நான் அடித்துப் பேசினேன். மனசுக்குள்ளும் அப்படித்தான் நினைத்தேன். மந்திரி மறுபடி பதவிக்கு வந்துவிட்டார், ஆட்சி செய்கிறார், செய்யட்டும் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மகள் விடவில்லை. "அந்நேரத்துல உழுந்துட்டா என்னங்க பண்றது?" என்று அதே இடத்துக்கு வந்தாள். நாளைக்கு ஒரு நாள் இங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறேன், என்ன நடக்கிறது என்று பார்க்கிறேன், ஆபத்து என்று தோன்றினால் சுவிட்சைக் கழற்றிவிடுவேன் என்றாள். சரி, பார் என்றேன். அன்றைக்கு ஞாயிறு, நான் நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். சாயங்காலம் அவர் பட்டனைத் தொடவே இல்லை. மகள் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை எங்கள் லைனுக்குத் துணி வரவில்லை. சாயம் போடுகிற டையிங்கிலேயே நின்றுபோனதாம். டீக்கு அப்புறம் எங்களை அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக எங்கள் பக்கத்து ஆட்களைக் கம்பெனி வேன்தான் கொண்டுவந்து விடும். அன்று வேனுக்குக் காத்திருக்காமல், எங்கள் பின் சந்தில் குடியிருக்கிற ஒரு பெண்ணின் ஸ்கூட்டரில் ஏறி வந்துவிட்டேன். வருகிற வழியில் காய் வாங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்தேன். மகள் அங்கேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்தாள். என் கையைப் பிடித்து இழுத்து, அடுப்படிக் கதவு இடுக்கு வழியாக முன்னறையைக் காட்டினாள்.

பெட்டி பாடிக்கொண்டிருந்தது. நல்ல துள்ளலான பாட்டு, அவருக்கு ரொம்பப் பிடித்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கையைக் கீழே விட்டார். டக். பாட்டு நின்றது. எதிரே தறிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அதை அவரால் நிறுத்த முடியாது. நிறுத்த முடிகிறதை நிறுத்திவிட்டு, உடம்பைக் கொஞ்சம் திருப்பி, தலையைச் சாய்த்து, தெருப் பக்கம் காதைக் கொடுத்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எதற்கு என்று அப்போதுகூட எனக்குப் புரியவில்லை. தெரு முனையில் வேன் ஹாரன் கேட்டது. முனையில் எப்போதும் டிரைவர் ரெண்டு தரம் அடிப்பார். அந்தச் சத்தம் தறிச் சத்தத்துக்கு நடுவே லேசாகத்தான் கேட்கும். பாட்டு ஓடினால் கேட்கவே கேட்காது. ஹாரன் கேட்டதும் அவர் நிமிர்ந்தார். சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார். பட்டன் பக்கம் கை போய் நின்றது.

வேன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது.

நிற்கவில்லை. நிற்க நான்தான் அதில் இல்லையே. அவர் முகம் மாறியது. "ஏ" என்றார், யாரிடமோ. வாக்கரைப் பிடித்து எழுந்தார். ஒரு கையால் அதைப் பாதிதான் பிடிக்க முடியும். நடுங்கி நடுங்கி வாசல் வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு, வேன் போன திசையைப் பார்த்தார். அப்புறம் அது வந்த திசையைப் பார்த்தார். மறுபடி "ஏ" என்றார். அந்தச் சத்தத்தில் என் பேர் இருந்தது. அடுப்படியில் நின்றுகொண்டு எட்டிப் பார்க்கிறோமே, இவரை இப்படிப் பதைக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறோமே என்று இருந்தது.

அடுப்படியிலிருந்து கூப்பிட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. காய்ப் பையைப் போட்டுவிட்டு, டிபன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே ஓடினேன். சந்தைச் சுற்றி, தறிக் குடோன் சுவரோரமாகத் தெருவுக்கு வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தினமும் நடக்கிற மாதிரி நடந்து வந்தேன். கேட்டின் கொண்டியை எப்போதும்போல் சத்தமாகத் தள்ளினேன்.

"ஏனுங் மாமா, வாசல்ல நிக்கறீங்க? வேன்ல முனையிலயே எறக்கி உட்டுட்டாங்க. நடந்து வந்தனுங்க."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கோபம்தான், நன்றாகத் தெரிந்தது. 'ம்' என்று ஒரு முறை, நல்ல கனமாகச் சொல்லிவிட்டு, திரும்பி நடந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். கையைக் கீழே விட்டார். டக். பச்சை. பெட்டி மணியடித்துவிட்டு அதே துள்ளல் பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தது. நான் தினமும் வீட்டுக்குள் நுழையும்போது கேட்கிற பாட்டுச் சத்தம் அது. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த சத்தம்.

அடுப்படியில் மகள் முந்தானை மாதிரி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வெங்காயம் உரித்தோம், அவர் கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மகள் ஸ்டூலுக்குக் கீழே குனிந்தாள். கழற்றப் போகிறாளோ என்று அவர் கை சட்டென்று பட்டனை மறைத்தது. அவள் ஸ்குரு இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"இருக்கட்டுங்கப்பா. இது இருந்தாத்தான் எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன கண்ணு தெரியும்?" என்றேன் நான்.

"ஆறு மணிக்கு ஆஃப் ஆனா, அப்பா நல்லா இருக்காரு, மணி பாத்தாரு, கைய எறக்குனாரு, காது குடுத்து உக்காந்திருக்காருன்னு அர்த்தமுங்க. ஆஃப் ஆகலைன்னாத்தான் நான் எதிர்வீட்டுப் பெரியம்மாளக் கூப்புடோணும்."

அவளுக்கு எங்கிருந்து வந்தது அந்த யோசனை என்று ஆச்சரியமாக இருந்தது. நான் இத்தனை நாள் பதில் தெரியாமல் அடம் பிடித்துக்கொண்டிருந்த கேள்விக்கு அவளே பதிலைக் கண்டுபிடித்துவிட்டாள். அதனால் வழக்கில் ஜெயித்தது யார் என்று கேட்டால், பட்டன் விசயத்தில் நான், மிச்சத்தில் அவள். அவரைக் கேட்டால் 'ம்' என்பார்.

இப்போதெல்லாம் சாயங்காலம் வேன் மெயின் ரோட்டை விட்டு எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பும்போது, பையிலிருக்கிற என் போனில் மகளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்து விழும். 'அப்பா ஆஃப் பண்ணிட்டாருங்கம்மா.' அதைப் பார்த்ததும் நான் முன் சீட்டுப் பக்கம் குனிந்து டிரைவரிடம் சொல்வேன்.

"சித்த வெசையாப் போங்கண்ணா. ஊட்டுல ஒருத்தர் பாட்ட நிறுத்தீட்டு உக்காந்திருக்காரு."